டில்லித் தோட்டத்தில் பூச்செடிகளின் இடம்

(நம் சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"தோட்டத்தைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கும் உபயோகப்படும்படி பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். டில்லியில் முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டக்கலை வேலையில் இருந்தவன் என்ற முறையில், பெரிய பெரிய விஷயங்களுக்குப் போகாமல் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். பூக்கும் புதர்ச்செடிகள், அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் அது.

புதர்ச்செடி என்றால் என்ன? மரம் மாதிரி ஒரே அடிமரமாக உயராமல், தரையிலிருந்தே பல தண்டுகளாகக் கிளம்பி, கட்டையாகி, வருஷக்கணக்கில் இருப்பது. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, பவழமல்லி, குண்டுமல்லி, ரோஜா எல்லாம் இந்த ஜாதிதான். நம் அகங்களில் காலையில் பூக்குடலையை எடுத்துக்கொண்டு போனால் முக்கால்வாசி இவற்றிடம்தான் போவோம்.

இங்கே டில்லியில் தோட்டம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று புல்தரை, இன்னொன்று பிப்ரவரி, மார்ச்சில் பூக்கும் பருவப்பூக்கள். ராஷ்டிரபதி பவன் தோட்டத்தை (2023 முதல் அதற்கு அம்ருத் உத்யான் என்று பெயர்) வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி நாமும் செய்ய ஆசைப்படுகிறோம். பருவப்பூக்களுக்கு அக்டோபரில் நாற்று, ஏப்ரலில் முடிவு. மறுபடி பாத்தி வெறும் மண். புல்தரையோ மே, ஜூனில் தினமும் தண்ணீர் கேட்கும். தண்ணீருக்கு டாங்கர் வண்டியை எதிர்பார்க்கும் காலனிகளில் இது கட்டுப்படியாகிற காரியமா? புதர்ச்செடி வேர் பிடிக்கும்வரை ஒன்றிரண்டு வருஷம் கவனிக்கவேண்டும். அப்புறம் பதினைந்து, இருபது வருஷம் அது நம்மைக் கவனித்துக்கொள்ளும். தோட்டத்துக்கு உருவம் கொடுப்பது இந்தச் செடிகள்தான்.

ஊரிலிருந்து வந்த ஆசையும் டில்லியின் குணமும்

நம்மவர்கள் ஊருக்குப் போய் வரும்போது செடி கொண்டு வருவது வழக்கம். கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் தானாக வளர்ந்த செடி இங்கே ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்காத மாமி இல்லை. டில்லியின் குணத்தை முதலில் பார்க்கவேண்டும். ஜனவரியில் இரவு 3, 4 டிகிரிக்கு இறங்கும். மே மாதம் 45 டிகிரியைத் தொடும். 2024 மே 29ஆம் தேதி சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவாயிற்று. வருஷ மழை சராசரியாக 775 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை இங்கே கிடையாது. அதற்கு மேல், மண்ணும் போர்வெல் தண்ணீரும் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்தவை.

இந்தச் சோதனையில் தேறுகிறவை, தேறாதவை என்று பிரித்துக்கொண்டால் பாதி கஷ்டம் குறையும்.

ஒரு சலுகையும் கேட்காமல் வளர்கிறவை: நந்தியாவட்டை, அரளி, பவழமல்லி, போகன்வில்லா, காமினி. நந்தியாவட்டையை இங்கே 'சாந்தினி' என்பார்கள். அரளிக்கு 'கனேர்'. பவழமல்லிக்கு 'ஹர்சிங்கார்'. நர்ஸரியில் தமிழ்ப்பெயர் சொன்னால் புரியாது, அதனால் சொல்கிறேன். காமினி நம்மில் பலருக்குப் புதிது. பளபளக்கும் சிறு இலை, மழைக்காலத்தில் வெள்ளைப் பூ, நாரத்தைப் பூவின் வாசனை. நாரத்தையும் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் இதே குடும்பம்தான். சொந்தத்தை இலையைக் கசக்கி முகர்ந்தாலே தெரிந்துகொள்ளலாம்.

கொஞ்சம் உதவி கேட்கிறவை: செம்பருத்தி, குண்டுமல்லி, ஹமேலியா. பனிக்காலத்தில் இவை சோர்ந்து போகும், இலை உதிரும், நுனி கருகும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். ஜனவரி முழுவதும் தண்ணீரைக் குறைத்து சும்மா விடுங்கள். ஹோலி வருவதற்குள் அடியிலிருந்து துளிர் வரும்.

தொட்டியில் வைத்தால்தான் சரிப்படும் என்பவை: இட்லிப்பூ என்று நாம் சொல்லும் வெட்சி, கனகாம்பரம், கார்டினியா. வெட்சியின் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எரு போதவில்லை என்று நினைத்து யூரியா போடுவார்கள், மஞ்சள் போகாது. அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்புப் பாங்கான மண்ணில் அதை வேரால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. பெரிய தொட்டியில் மக்கிய இலை எருவை நிறையக் கலந்து வையுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். அன்னபேதியை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, சாயங்காலத்தில் இலை மேல் தெளித்து, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை தெளியுங்கள். புது இலை பச்சையாக வரும்.

கனகாம்பரத்தில் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் நல்ல ஆரஞ்சு நிறத்தில் வரும் ஒரு ரகத்துக்கு 'டில்லி கனகாம்பரம்' என்றே பெயர். அதில் விதை பிடிக்காது, குச்சி வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும். பேர்தான் டில்லி. டில்லிக் குளிர் அதற்கு ஆகாது. டிசம்பரில் தொட்டியை உள்ளே, வெயில் படும் ஜன்னலருகே எடுத்து வைக்கவேண்டியதுதான். அதே குடும்பத்தைச் சேர்ந்த டிசம்பர் பூ இங்கே சுகமாக வளரும். மழைக்காலம் முடிந்ததும் பூக்க ஆரம்பித்துவிடும்.

பன்னிரண்டு மாதமும் பூ

பூஜைக்கு மார்க்கெட்டில் பூ வாங்குகிறவர்களுக்குச் செலவு தெரியும். ஐந்தாறு செடிகளைத் தேர்ந்தெடுத்து வைத்தால் ஏறக்குறைய வருஷம் முழுவதும் நம் வீட்டுப் பூவே கிடைக்கும்.

சித்திரையில் குண்டுமல்லி ஆரம்பிக்கும், வெயில் ஏற ஏற அதற்கு உற்சாகம். வைகாசி, ஆனியில் அரளியும் சேர்ந்துகொள்ளும். ஆடி, ஆவணியில் மழை இறங்கியதும் நந்தியாவட்டை செடி தெரியாமல் பூக்கும். செம்பருத்தியும் காமினியும் கூட வரும். புரட்டாசியில் பவழமல்லி. இரவில் மலர்ந்து விடியற்காலையில் உதிர்ந்துவிடும் இந்தப் பூவை மட்டும் தரையிலிருந்து பொறுக்கிப் பூஜைக்கு வைக்கலாம் என்பது நம் வழக்கம். செடியின் கீழே ஒரு பழைய வேஷ்டியை விரித்து வைத்தால் காலையில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சித்தரஞ்சன் பார்க் பக்கம் போனால் பெங்காலிகள் இதையே 'ஷியூலி' என்று சொல்லி, துர்கா பூஜை வந்துவிட்டது என்பதற்கு இந்த வாசனையையே அடையாளமாக வைத்திருப்பதைப் பார்க்கலாம். நமக்கு அது நவராத்திரி.

ஐப்பசி, கார்த்திகையில் டிசம்பர் பூ. மார்கழி, தையில் ரோஜா. டில்லியில் ரோஜாவை அக்டோபர் இரண்டாவது வாரத்தை ஒட்டி வெட்டிவிட்டால் ஏழெட்டு வாரத்தில் பூ வந்துவிடும். 1950 முதல் 1965 வரை பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் பி.பி. பால் உலகம் அறிந்த கோதுமை விஞ்ஞானி. அவரே பல புது ரோஜா ரகங்களையும் உண்டாக்கினார், 'டில்லி பிரின்சஸ்' அவற்றில் ஒன்று. மாசி, பங்குனியில் ரோஜா ஓயும்போது போகன்வில்லா எடுத்துக்கொள்ளும். போகன்வில்லாவில் நாம் பூ என்று நினைப்பது நிறம் ஏறிய இலை. அதற்கு நடுவில் சின்னதாக வெள்ளையாக இருப்பதுதான் பூ. உலகத்தில் எங்கே புதிய போகன்வில்லா ரகம் உண்டானாலும் அதன் பெயரைப் பதிவு செய்யும் பொறுப்பு நம் பூசாவிடம்தான் இருக்கிறது.

எதை எங்கே வைப்பது?

நர்ஸரியில் எல்லாச் செடியும் ஒரு முழம்தான் இருக்கும். அங்கேதான் ஏமாந்து போகிறோம். பவழமல்லி பத்துப் பன்னிரண்டு அடி போகும். அரளியும் அப்படியே. செம்பருத்தியும் காமினியும் ஏழெட்டு அடி. நந்தியாவட்டை ஆறேழு அடி. குண்டுமல்லி மூன்று, நான்கு அடி. ஐந்து வருஷம் கழித்து அந்தச் செடி எவ்வளவு இடம் அடைக்கும் என்று மனதில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுக் குழி வெட்டுங்கள். இப்போது இடைவெளி அசிங்கமாகத் தெரிந்தால் அந்த இடத்தில் இரண்டு வருஷம் துளசியோ கீரையோ போடலாம்.

மேற்குப் பக்கம் 'லூ' என்கிற அனல் காற்று வரும். அங்கே உயரமான, முரட்டுச் செடிகளை வைத்தால் அவை வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் செடிகளைக் காப்பாற்றும். பாதி நிழல் விழும் இடத்தில் நந்தியாவட்டையும் காமினியும் ஒத்துக்கொள்ளும். ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். குண்டுமல்லியை ஜன்னலுக்குக் கீழே வைக்கலாம். 'ராத் கி ராணி'யை ஜன்னலிலிருந்து தள்ளியே வையுங்கள், ராத்திரி முழுவதும் அந்த வாசனையில் தலைவலி வருகிறவர்கள் உண்டு.

இப்போது முக்கியமான ஒரு செடிக்கு வருகிறேன். அரளி. சிவப்பு, வெள்ளை, ரோஸ் அரளியானாலும் சரி, மஞ்சள் பூவும் பச்சைக் காயுமாக இருக்கிற பொன்னரளியானாலும் சரி, இலை, பூ, தண்டு, வேர், விதை எல்லாமே விஷம். இருதயத் துடிப்பைத் தாக்கும் விஷம். காய்ந்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. பொன்னரளி விதை உயிரையே வாங்கும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பூஜைக்கு ஆகிற பூ என்பதால் நாம் சற்று அலட்சியமாகவே இருக்கிறோம். கேரளத்தில் 2024 மே மாதம், ஓர் இளம்பெண் அரளியை மென்றதால் இறந்ததாகச் சொல்லப்பட்டபோது, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோவில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. பூஜைக்குத் தடை சொல்லவில்லை. பக்தர்களின் வாய்க்குப் போகிற வழியைத்தான் அடைத்தார்கள்.

நாமும் அதையே செய்யலாம். சாமி படத்துக்குச் சாத்துங்கள். தீர்த்தப் பாத்திரத்திலும் நைவேத்தியத்தின் மேலும் போடவேண்டாம், அதற்குத் துளசி இருக்கிறது. பறித்த கையைக் கழுவிவிட்டுக் காப்பி டம்ளரைத் தொடுங்கள். அரளியைப் பிடுங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வறட்சிக்கும் புகைக்கும் அதற்கு ஈடு கிடையாது, அதனால்தான் நெடுஞ்சாலைகளின் நடுவில் வைக்கிறார்கள். அதன் இடம் வெளிமதில் ஓரம். பேரன் பேத்திகள் விளையாடுகிற இடத்திலும் ஊஞ்சல் பக்கத்திலும் அது வேண்டாம். வெட்டிய கிளையைத் தெருவில் போட்டால் பசுமாடு வந்து தின்னும், கொளுத்தினால் அந்தப் புகையும் கெடுதல். மூட்டை கட்டி அனுப்பிவிடுங்கள். குழந்தை எதையாவது வாயில் போட்டுக்கொண்டதாகச் சந்தேகம் வந்தால் கைவைத்தியம் எதுவும் பார்க்காமல், அந்தச் செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இடம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம் உண்ணிச்செடி. லந்தானா என்று, பூ அழகுக்காகவும் வேலிக்காகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த அமெரிக்கச் செடி. பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்ப, இன்று நாட்டின் காடுகளில் பெரும்பரப்பை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. டில்லியின் ரிட்ஜ் காட்டிலும் இருக்கிறது. அந்தக் காட்டிலேயே தானாக வளரும் ஆடாதோடை மாசியில் வெள்ளையாகப் பூக்கும். இருமலுக்கு நம் பாட்டிமார் கஷாயம் வைத்த அதே ஆடாதோடைதான். வேலிக்கு ஆசைப்படுகிறவர்கள் லந்தானாவை விட்டுவிட்டு இதை வைக்கலாம்.

மாலியின் கத்தரி

"செடி நன்றாக இருக்கிறது, பூ மட்டும் வரவில்லை" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் மாலி மாதம் ஒரு முறை பெரிய கத்தரியால் செடியைப் பெட்டி மாதிரியும் பந்து மாதிரியும் வெட்டுகிறாரா? பூ வருவது புதுக் கிளையின் நுனியில். நுனியை மாதாமாதம் மழித்துவிட்டால் பூ எங்கிருந்து வரும்? மேலே பச்சைத் தொப்பி, உள்ளே வெறும் குச்சி, அவ்வளவுதான் மிஞ்சும். மாலியைக் குறை சொல்லிப் பயனில்லை. சுத்தமாக வெட்டினால்தான் வேலை செய்ததாக நாம் ஒப்புக்கொள்கிறோம், அதனால் அவரும் வெட்டுகிறார்.

வெட்டுவதற்கு நேரம் உண்டு. செம்பருத்தி, நந்தியாவட்டை, பவழமல்லி, ஹமேலியா போன்றவை அந்த வருஷத்துப் புதுக் கிளையில் பூப்பவை. இவற்றைப் பனி விலகும் பிப்ரவரியில் வெட்டவேண்டும். குண்டுமல்லியை ஜனவரி கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, எரு போட்டு, பிறகு தண்ணீர் விடவேண்டும். போகன்வில்லாவைப் பூ ஓய்ந்தபின் வெட்டலாம், அதற்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூ. வயதான செடியானால் பெரிய கத்தரியை விட்டுவிட்டுக் கைக்கத்தரியை எடுங்கள். மிகப் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடியோடு எடுங்கள். அடுத்த வருஷம் இன்னொரு பங்கு. மூன்று வருஷத்தில் செடி முழுக்கப் புதுத் தண்டாகிவிடும், ஒரு வருஷமும் பூ நிற்காது.

நடுவதற்கு ஆடி, ஆவணி நல்லது. மே கடைசியிலேயே இரண்டடி ஆழ அகலத்துக்குக் குழி வெட்டி வெயில் படவிடுங்கள். நன்றாக மக்கிய சாணி எருதான் வேண்டும். அரைகுறையாக மக்கியது கரையானைக் கூட்டி வரும்.

டைல்ஸுக்கு அடியில்

கடைசியாக மனதில் உறுத்துகிற விஷயம் ஒன்று. பல காலனிகளில், மதிலை ஒட்டிய மூன்றடி மண் பட்டையை மூடி டைல்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கார் நிறுத்த இடம் வேண்டும், இலை விழுந்தால் குப்பை, செடி இருந்தால் கொசு என்று காரணம் சொல்கிறார்கள். கொசு வருவது தேங்கிய தண்ணீரில். தொட்டித் தட்டையும் கூலர் தண்ணீரையும் வாராவாரம் கொட்டினால் செடி மேல் பழி போடவேண்டியதில்லை. மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்க அந்த மூன்றடிதான் வழி. அதை அடைத்துவிட்டு ஜூலையில் தெருவில் முழங்கால் தண்ணீர் என்கிறோம், மே மாதத்தில் போர்வெல் வற்றிவிட்டது என்கிறோம்.

2012ல் டில்லி அரசு சிட்டுக்குருவியை மாநிலப் பறவையாக அறிவித்தது. அந்தக் குருவி சாயங்காலம் அடைவதற்கு அடர்ந்த புதர் வேண்டும். ஹமேலியாவுக்குத் தேன்சிட்டு வரும். நந்தியாவட்டைப் புதரில் புல்புல் கூடு கட்டும். 2013ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டை அகற்றும்படி உத்தரவிட்டது. மரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போக ஆட்கள் இருக்கிறார்கள். செடிக்காக யார் போவார்? காலனிக் கூட்டத்தில் கையைத் தூக்குகிற நாம்தான் பேசவேண்டும்.

நம் சங்கக் கட்டடத்தின் பின்பக்கத்து மண் பட்டைக்கும் டைல்ஸ் யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நிர்வாகக் குழுவினருக்கு என் பணிவான வேண்டுகோள், அதை விட்டுவையுங்கள். பின்மதில் ஓரமாக இரண்டு பவழமல்லி, அவற்றுக்கு முன்னால் நான்கு நந்தியாவட்டை, ஓரத்தில் குண்டுமல்லி. வருகிற ஆடி மாதத்தில் நட்டால் போதும். குழி வெட்டும் கூலியையும் செடியின் விலையையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு நாள் தண்ணீர் விட முறை வைத்துக்கொள்ள எட்டுப் பேர் வேண்டும். இங்கே வந்திருக்கும் இளைஞர்கள் பெயர் கொடுத்தால் சந்தோஷம். இரண்டு மூன்று வருஷத்தில் சங்கத்து நவராத்திரி பூஜைக்குப் பூக்கடைக்குப் போகவேண்டியிராது.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் காப்பிக்குப் போகுமுன் என்னைப் பார்க்கலாம்.